உம்மாட உம்மாட பெயர் என்ன?

உங்கட பிறப்புச் சான்றிதழை ஒருக்கா எடுத்துப் பாருங்க. வாப்பாவின் பெயர், உம்மாவின் பெயர் எல்லாம் முடிந்த பிறகு, பாட்டனார் இலங்கையில் பிறந்தவர் என்றால் அவருடைய பெயர், பிறந்த ஆண்டு, இடம் என்று கேட்டிருக்கும். வாப்பா இங்கே பிறக்கவில்லை என்றால் பூட்டனார் வரைக்கும் கேட்கும். 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் ஒருவர் இந்த நாட்டுக்காரரா என்பதைத் தகப்பன் வழியில்தான் அளந்தது. படிவமும் அதே வழியில்தான் போகிறது. உம்மாட உம்மாவுக்கு அந்தத் தாளில் இடமே இல்லை.

வேறு ஊர் என்றால் இதில் புதினம் ஒன்றும் இல்லை. ஆனால் மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அக்கரைப்பற்று என்று நம்மட கரையோரத்தில் ஆளை அறியக் கேட்கிற பழைய கேள்வி வேற: "நீங்க என்ன குடி?" குடி உம்மாவிடமிருந்து வருவது. வாப்பாவின் குடி பிள்ளைக்கு வராது. ஒரே குடிக்குள் கலியாணம் இல்லை. மாமி மகள் மச்சி, சாச்சி மகளோ தங்கச்சி. குடிக்குள்ளும் ஒரே பெண்ணின் வயிற்றிலிருந்து கிளைத்தவர்கள் வயிற்றுவார். பேச்சில் அது 'வகுத்துவார்' ஆகிவிட்டது. பள்ளிவாசலுக்குக் குடிக்கு ஒரு மரைக்கார் இருந்தார். அந்தப் பதவிகூட மகனுக்குப் போகாமல் சகோதரியின் மகனுக்குப் போகிற வழக்கம் இருந்தது. ஆண்களின் பதவி, ஆனால் வழி பெண்ணுடையது.

1969இல் அக்கரைப்பற்றுக்கு வந்த அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மெக்கில்வ்ரே இதையெல்லாம் குந்தியிருந்து கேட்டு எழுதினார். பக்கத்துத் தமிழ்ச் சனங்களிடமும் இதே தாய்வழிக் குடிமுறைதான் என்பது அவர் எழுத்தில் தெளிவாகத் தெரியும். பொன்னாச்சி குடி, வரிசைநாச்சி குடி, ராசாம்பிள்ளை குடி என்று குடிப்பெயர்களைச் சொல்லிப் பாருங்க. அரபுச் சத்தமே இல்லை. இரண்டில் 'நாச்சி' வேற நிற்கிறாள்.

வம்சம் எழுத உட்கார்கிற நம்மட ஆட்கள் பலர் முதல் பக்கத்திலேயே அரபு நாட்டுக்குக் கப்பலேறி விடுவார்கள். கொஞ்சம் நிதானமானவர்கள் 1626இல் தொடங்குவார்கள்: போர்த்துக்கேயர் விரட்டிய முஸ்லிம்களில் நாலாயிரம் பேரைக் கண்டி அரசன் செனரத் மட்டக்களப்புப் பக்கம் குடியேற்றினான் என்று. இன்னொரு பக்கம், முக்குவருக்கும் திமிலருக்கும் நடந்த சண்டையில் முஸ்லிம்கள் முக்குவருக்கு உதவினார்கள், அதற்குப் பதிலாக முக்குவப் பெண்களை மணந்தார்கள் என்று ஒரு வாய்மொழிக் கதை. அதை வரலாறென்று நான் சத்தியம் பண்ண மாட்டேன். ஆனால் குடிமுறையோடு சேர்த்துப் பார்த்தால் அது ஒன்றைச் சொல்கிறது: வந்தவர்களைத் தேடுகிற அவசரத்தில், ஏற்கெனவே இங்கே இருந்தவளை விட்டுவிட்டோம். குடி அவளிடமிருந்துதான் வருகிறது.

சரி, அவளை எங்கே தேடுவது? கலியாணப் பதிவில் கிடைப்பது குறைவு. 1951ஆம் ஆண்டு முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டத்தின் பதிவில் மணமகள் கையொப்பம் வைக்கத் தேவையில்லை, வலி வைத்தால் போதும். மையவாடியிலும் மீசான் கட்டைகளில் பெரும்பாலும் பெயர் இருக்காது.

வீட்டு உறுதியில் தேடுங்க. நம்மட ஊரில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போவார், வீடு பெண்ணின் பெயரில் எழுதப்படும். உம்மாட வீடு மகளுக்கு, அவளிடமிருந்து அவள் மகளுக்கு. ஆகவே அரசாங்கக் கடதாசிகளில் பெண்கள் வரிசையாக வருகிற ஒரே கட்டு இந்த உறுதிகள்தான். அடியில் இருக்கிற காணி விபரத்தை விட்டுவிடாதீங்க. வடக்கே இன்னார் வளவு, கிழக்கே இன்னார் வளவு என்று எல்லை சொல்லியிருக்கும். பல இடத்தில் அந்த 'இன்னார்' ராத்தாவோ சாச்சியோதான். ஒரு வளவு துண்டு துண்டாகி மகள்மாருக்குப் போன கதை, நொத்தாரிசின் வரட்டு மொழியில் அங்கே கிடக்கிறது.

இதைப் பெண்ணாட்சி என்று கொண்டாடவும் வேண்டாம். அந்த வீட்டைக் கட்ட வாப்பாவும் காக்காமாரும் ஆண்டுக் கணக்கில் உழைத்திருப்பார்கள். வீடில்லாத கொமர் காத்திருந்திருப்பாள். விலை பேசியவர்கள் ஆண்கள். கதை எழுதும்போது இந்தப் பக்கமும் வரவேண்டும், இல்லாட்டி அது பூச்சு.

2004 சுனாமியில் இலங்கையிலேயே அதிகம் பேர் இறந்தது அம்பாறை மாவட்டத்தில். கரையோர வீடுகளில் அலுமாரியோடு உறுதிகளும் படங்களும் போய்விட்டன. ஆனால் நொத்தாரிசு உறுதியின் இரட்டைப் பிரதி காணிப் பதிவகத்துக்குப் போகும். இலக்கமோ திகதியோ கொஞ்சம் தெரிந்தால் தேடலாம்.

திகதிக்கு மூத்தம்மாவிடம்தான் போகவேண்டும். "எந்த ஆண்டு பிறந்தீங்க?" என்றால் அவவுக்குத் தெரியாது, அல்லது அடையாள அட்டையில் இருக்கிற பொய்த் திகதியைச் சொல்லுவா. ஐம்பத்தேழு வெள்ளத்தைக் கேளுங்க. அப்போ பள்ளிக்கூடம் போனீங்களா, கலியாணம் முடிந்ததா? எழுபத்தெட்டுச் சூறாவளியில் கூரை போன வீடு யாருடையது, அதற்கு முதல் அது யாருடைய வீடு? இரண்டாவது கேள்வியிலேயே உம்மாட பெயர் வரும், மூன்றாவதில் உம்மாட உம்மா. சொன்னதைச் சொன்ன மாதிரி எழுதிவைங்க, "என்று மூத்தம்மா சொன்னா" என்பதை வெட்டாதீங்க. உங்கட ஊகத்தைத் தனியாக "இருக்கலாம்" என்று எழுதுங்க. சாச்சி வேறு மாதிரிச் சொன்னால் அதையும் பக்கத்திலே போடுங்க. இரண்டு பேரும் எதில் முரண்படுகிறார்களோ, அனேகமாக அது ஒரு காணிப் பிரச்சினையாக இருக்கும்.