மின்கட்டமைப்புச் சமநிலைச் சேவைகள்: இலங்கையும் மட்டக்களப்பு வாவிப் பகுதியும்

மின்கட்டமைப்புச் சமநிலைச் சேவைகள் என்பவை மின்சார உற்பத்தியையும் நுகர்வையும் நொடிக்கு நொடி ஒத்துப்போகச் செய்யும் ஏற்பாடுகள். மீடிறன் (அதிர்வெண்) துலங்கல், சுழல் ஒதுக்கம், மாற்று ஒதுக்கம் ஆகியவை இவற்றுள் முதன்மையானவை. இலங்கையின் மின்கட்டமைப்பு எந்த அயல்நாட்டுடனும் இணைக்கப்படாத ஒரு தீவுக் கட்டமைப்பு. அதனால் இந்தச் சேவைகள் அனைத்தையும் நாடு தன் எல்லைக்குள்ளேயே தேடிக்கொள்ள வேண்டியிருக்கிறது. கூரைச் சூரிய மின்சாரம் வேகமாகப் பெருகியதால் இத்தேவை கொழும்பின் கட்டுப்பாட்டு அறையைத் தாண்டி, மட்டக்களப்பு போன்ற விநியோகப் பகுதிகளின் தேவையாகவும் மாறியுள்ளது.

மீடிறனும் சமநிலையும்

மின்சாரத்தைக் கம்பிகளில் தேக்கிவைக்க முடியாது. ஒரு வீட்டில் மின்விசிறி சுழலத் தொடங்கும் கணத்தில், அதற்கு வேண்டிய சக்தியை எங்கோ ஒரு மின்பிறப்பாக்கி கூடுதலாகத் தந்தாக வேண்டும். நுகர்வு உற்பத்தியை மிஞ்சினால், சுழலும் இயந்திரங்களின் இயக்கசக்தியிலிருந்து அந்தக் குறை ஈடுசெய்யப்படும். இயந்திரங்களின் வேகம் குறையும், மீடிறனும் விழும். உற்பத்தி மிஞ்சினால் மீடிறன் உயரும். இலங்கையில் இதன் இயல்பு அளவு 50 ஹேர்ட்ஸ். வழமையான இயக்கத்தில் அது 49.5 முதல் 50.5 வரையான எல்லைக்குள் இருக்க வேண்டும்.

மின்னழுத்தம் இடத்துக்கிடம் வேறுபடும். மீடிறனோ கட்டமைப்பு முழுவதற்கும் ஏறத்தாழ ஒன்றே. மேற்குக் கரையில் ஒரு பெரிய மின்பிறப்பாக்கி நின்றுபோனால் காலியிலும் காத்தான்குடியிலும் மீடிறன் ஒருசேர விழும். மீடிறனைப் பொறுத்தவரை தொலைதூரப் பகுதி என்று ஒன்றில்லை.

ஒதுக்கங்களின் படிநிலை

முதல் தடுப்பு சடத்துவம். நீர்மின், அனல்மின் நிலையங்களின் கனத்த சுழலிகள் தம் சுழற்சியில் சேமித்துள்ள சக்தி, எவரும் கட்டளையிடாமலே உடனடியாக வெளிப்படும். அது மீடிறன் வீழ்ச்சியைத் தடுத்து நிறுத்தாது. வீழ்ச்சியின் வேகத்தைக் குறைத்து, அடுத்த தடுப்புகள் இயங்குவதற்கு அவகாசம் தரும். ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கு: சுழலும் இயந்திரங்களில் 12,000 மெகாயூல் சக்தி இருக்கும்போது 270 மெகாவாட் உற்பத்தி திடீரென அற்றுப்போனால், மீடிறன் நொடிக்குச் சுமார் 0.56 ஹேர்ட்ஸ் வீதம் விழத் தொடங்கும். 50 இலிருந்து 49 ஐத் தொட 1.8 நொடி கிடைக்கும். சேமிப்பு 6,000 மெகாயூலாகக் குறைந்திருந்தால் அதே இழப்பில் வீழ்ச்சி வேகம் இரட்டிப்பாகி, அவகாசம் 0.9 நொடியாகச் சுருங்கும்.

இரண்டாவது, முதனிலைத் துலங்கல். கவர்னர் எனப்படும் வேகக் கட்டுப்படுத்தி, மீடிறன் விழுவதை உணர்ந்து நீரையோ நீராவியையோ கூடுதலாகத் திறந்துவிடும். விக்டோரியா நீர்மின் நிலையத்தில் உள்ளதைப் போன்ற 70 மெகாவாட் இயந்திரம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதன் கவர்னர் 5 விழுக்காட்டுச் சரிவில் (மீடிறன் 5 விழுக்காடு விழுந்தால் முழுத் திறனளவு கூடுதலாகத் தர முயலும்படி) அமைக்கப்பட்டிருந்தால், மீடிறன் 0.5 ஹேர்ட்ஸ் குறையும்போது அது 14 மெகாவாட் கூடுதலாகத் தர முயலும். அந்த 14 மெகாவாட்டுக்கான இடம் முன்கூட்டியே ஒதுக்கப்பட்டிருக்க வேண்டும்; இதுவே சுழல் ஒதுக்கம். முழு அளவில் ஓடும் இயந்திரத்தால் மேலும் எதையும் தர இயலாது. நீர்மின் இயந்திரத்துக்கு இன்னொரு வரம்பும் உண்டு. வாயில் திறந்தவுடன் குழாயில் நீரழுத்தம் ஒரு கணம் தாழும் என்பதால், வெளியீடு கூடுவதற்கு முன் சற்றுக் குறையவே செய்யும். வீழ்ச்சி வேகமாக இருக்கும் கட்டமைப்பில் அந்த ஒரு கணமும் விலைமதிப்புள்ளது.

மூன்றாவது, இரண்டாம் நிலை ஒதுக்கம். முதனிலைத் துலங்கல் வீழ்ச்சியை நிறுத்திய பிறகு, மீடிறனை மீண்டும் 50 க்குக் கொண்டுவருவது இதன் பணி. நான்காவது, மாற்று ஒதுக்கம் எனப்படும் மூன்றாம் நிலை ஒதுக்கம். நின்றிருக்கும் நீர்மின் இயந்திரங்களையோ எரிவாயுச் சுழலிகளையோ சில நிமிடங்களில் இயக்கி, செலவான ஒதுக்கத்தை மீள நிரப்புவது இது.

இவை அனைத்தும் போதாதபோது கடைசித் தடுப்பாகத் தானியங்கிச் சுமைத் துண்டிப்பு வரும். மீடிறன் குறிப்பிட்ட படிகளைத் தொடும்போதெல்லாம் ரிலேக்கள் விநியோக வழிகளை ஒன்றன்பின் ஒன்றாகத் துண்டிக்கும். கூரைச் சூரிய மின்சாரம் நிறைந்த வழியொன்றை நண்பகலில் இப்படித் துண்டித்தால், நுகர்வோடு உற்பத்தியும் போய்விடும். அந்த வழி வெளியே மின்சாரம் அனுப்பிக்கொண்டிருந்தால் துண்டிப்பே பற்றாக்குறையைப் பெருக்கும். கூரை மின்சாரம் பரவலாவதற்கு முன் வகுக்கப்பட்ட துண்டிப்புத் திட்டங்களை மறுஆய்வு செய்ய வேண்டிய கட்டாயம் இதனாலேயே எழுகிறது.

இலங்கைக் கட்டமைப்பின் இயல்பு

1969 இல் நிறுவப்பட்ட இலங்கை மின்சார சபை நெடுங்காலம் மகாவலி, லக்சபான நீர்மின் நிலையங்களைக் கொண்டே மீடிறனைக் காத்துவந்தது. விக்டோரியா (210 மெகாவாட்), கொத்மலை (201 மெகாவாட்) ஆகியவற்றின் இயந்திரங்கள் விரைவாக ஏறவும் இறங்கவும் வல்லவை. இந்தப் பணிக்குத் தனி விலை பேசப்படவில்லை. சபையின் சொந்த இயந்திரங்கள், சபையின் சொந்தக் கட்டுப்பாட்டு அறை என்ற ஒழுங்கில், ஒதுக்கத்துக்கான செலவு பொதுச் செலவோடு கலந்து மறைந்திருந்தது.

2011 க்கும் 2014 க்கும் இடையில் நுரைச்சோலையில் லக்விஜய நிலக்கரி நிலையத்தின் மூன்று 300 மெகாவாட் இயந்திரங்கள் சேர்ந்தன. மலிவான அடிப்படை மின்சாரம் கிடைத்தது. கூடவே, ஒரே இயந்திரத்தின் இழப்பு பெரும் அதிர்ச்சியாகும் நிலையும் வந்தது. ஒப்பிட்டுப் பார்த்தால், இந்தியாவின் மின்தேவை 2024 மே மாத இறுதியில் 250 கிகாவாட் அளவைத் தொட்டது. 2013 டிசம்பர் 31 முதல் தமிழ்நாடு உட்பட இந்தியா முழுவதும் ஒரே மீடிறனில் இயங்குகிறது. அங்கே, முன்னர் கணக்கிட்டதைப் போன்ற 270 மெகாவாட் இழப்பு மீடிறனை அசைப்பதே அரிது. உச்சத் தேவை 3,000 மெகாவாட்டுக்கும் குறைவான இலங்கையில், தேவை குன்றிய ஒரு ஞாயிறு நண்பகலில், அதே இழப்பு மொத்த உற்பத்தியின் ஆறில் ஒரு பங்கை எட்டக்கூடும்.

2016 இல் தொடங்கிய சூரியபல சங்கிராமம் திட்டத்தின் பின் கூரைச் சூரிய மின்சாரம் 1,000 மெகாவாட்டைத் தாண்டி வளர்ந்தது. 2030 இல் மின்சாரத்தின் 70 விழுக்காட்டைப் புதுப்பிக்கத்தக்க மூலங்களிலிருந்து பெறுவது அரசின் இலக்கு. சூரியத் தகடுகள் இன்வெர்ட்டர் வழியாக இணைவதால் அவற்றுக்கு இயல்பான சடத்துவம் கிடையாது. பகலில் அவை சுழலும் இயந்திரங்களின் இடத்தைப் பிடிக்க, கட்டமைப்பின் சடத்துவமும் முதனிலை ஒதுக்கமும் ஒருங்கே குறைகின்றன. மாலை 6.30 அளவில் தொடங்கும் உச்ச நேரத்திலோ சூரிய மின்சாரம் அறவே இராது.

2025 பெப்ரவரி 9

அன்று ஞாயிற்றுக்கிழமை. முற்பகல் 11 மணிக்குப் பின் பாணந்துறை உப மின்நிலையத்தில் குரங்கு ஒன்று மின்சாதனத்தில் பட்டதால் பழுது ஏற்பட்டதாக எரிசக்தி அமைச்சர் அறிவித்தார். சில கணங்களில் நாடு முழுவதும் இருளில் மூழ்கியது. ஏறத்தாழ பாதி மின்சாரம் சூரியத் தகடுகளிலிருந்து வந்துகொண்டிருந்த அவ்வேளையில் கட்டமைப்பின் சடத்துவம் தாழ்ந்திருந்தது என மின்சார சபை விளக்கியது. நுரைச்சோலையின் மூன்று இயந்திரங்களும் நின்றன. அவை முழுமையாக மீள நாட்கள் பிடித்தன. அந்த நாட்களில் சுழற்சி முறை மின்வெட்டு நடைமுறைக்கு வந்தது.

உப மின்நிலையங்களில் பழுதுகள் எல்லா நாடுகளிலும் நேர்பவை. அவற்றைத் தாங்கி நிற்கும் வலு கட்டமைப்பில் இருந்ததா என்பதே இந்நிகழ்வு எழுப்பிய கேள்வி. இரு மாதங்களின் பின், ஏப்ரல் புத்தாண்டு விடுமுறையில் தேவை மேலும் குறையும் என்பதால், பகல் வேளையில் கூரைச் சூரியத் தொகுதிகளை நிறுத்திவைக்குமாறு சபை உரிமையாளர்களைக் கேட்டுக்கொண்டது. தூய மின்சாரத்துக்காகச் சேமிப்பையும் கடனையும் போட்ட குடும்பங்களுக்கு அது கசப்பான வேண்டுகோள். உற்பத்தியைக் குறைப்பதும் ஒரு சமநிலைச் சேவைதான். அதை விதியும் விலையும் இல்லாமல் நல்லெண்ணத்தை நம்பி மட்டும் பெறுவது நீடிக்கக்கூடிய வழியன்று.

மட்டக்களப்பு வாவிப் பகுதி

மட்டக்களப்பு வாவி வடக்குத் தெற்காக 50 கிலோமீற்றருக்கும் மேல் நீண்டு, நிலத்தை எழுவான்கரை, படுவான்கரை என இரு கரைகளாகப் பிரிக்கிறது. எழுவான்கரையில் மட்டக்களப்பு நகரம், காத்தான்குடி, களுவாஞ்சிக்குடி எனக் குடியிருப்பும் வணிகமும் செறிந்த நுகர்வு. படுவான்கரையில் வயல்களும் அரிசி ஆலைகளும் பரந்த கிராமங்களும். வலையிறவுப் பாலத்துக்கு மேற்கே வவுணதீவிலும், வடக்கே வாழைச்சேனையிலும் 132 கிலோவோல்ட் மின்சாரத்தை 33 கிலோவோல்ட்டாக இறக்கும் உப மின்நிலையங்கள் உள்ளன. அருகிலுள்ள பழைய நீர்மின் நிலையம் கல்லோயாத் திட்டத்தின் இங்கினியாகல. அதன் 11 மெகாவாட் அளவான திறன், பாசனத்துக்காகத் திறக்கப்படும் நீரைச் சார்ந்தது.

பெரிய மின்நிலையம் எதுவும் இல்லாத இப்பகுதி நீண்ட செலுத்தல் வழிகளின் கிழக்கு முனையில் இருக்கிறது. 1978 நவம்பர் 23 சூறாவளி இம்மாவட்டத்தைச் சின்னாபின்னமாக்கியது. பிந்திய போர்க்காலம் பொதுக் கட்டமைப்புகளைப் பலமுறை சிதைத்தது. இவ்வளவையும் கடந்து மீண்டுவந்த மாவட்டத்தின் தொழில்கள் மின்தடைக்கு எளிதில் அடிபடுபவை. அடர்த்தியாக வளர்க்கும் இறால் பண்ணையில் காற்றூட்டும் துடுப்புச் சக்கரங்கள் இரவில் நின்றால், நீரில் கரைந்த ஒட்சிசன் விரைவாகக் குறையும். ஒரு போக வளர்ப்பே சில மணி நேரத்தில் அழிந்துவிடக்கூடும். சிறு தொழில்முனைவோர் இதற்கு அஞ்சி டீசல் மின்பிறப்பாக்கியை வாங்கி வைக்கிறார்கள். கட்டமைப்பில் ஒதுக்கம் குறைவதன் செலவு இவ்வாறு அவர்கள் தலையில் விழுகிறது.

ஒதுக்கத்தைச் சேவையாக வகுத்தல்

ஒதுக்கத்தைப் பொதுக் கடமையாக விடுவதற்குப் பதில், அளந்து விலைக்கு வாங்கும் சேவையாக வகுப்பது பல நாடுகளின் அனுபவம். இதில் நான்கு கூறுகள் உள்ளன. முதலாவது தேவையைக் கணித்தல்: மிகப்பெரிய ஒற்றை இழப்பு எவ்வளவு, அந்த மணிநேரத்தில் சடத்துவம் எவ்வளவு என்பவற்றைக் கொண்டு வேண்டிய அளவு முடிவாகும். இரண்டாவது தொழில்நுட்ப வரையறை: எத்தனை நொடிக்குள் துலங்க வேண்டும், எவ்வளவு நேரம் தாங்க வேண்டும் என்பது. மூன்றாவது சோதனையும் அளவீடும். நான்காவது, தயார்நிலைக்கான கட்டணமும் தவறினால் தண்டமும்.

பிரித்தானியாவில் 2019 ஆகஸ்ட் 9 அன்று அடுத்தடுத்து மின்நிலையங்கள் துண்டிக்கப்பட்டு மீடிறன் 48.8 ஹேர்ட்ஸுக்குச் சரிந்தது. பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட நுகர்வோர் மின்சாரம் இழந்தனர். 2020 அக்டோபரில் அங்கு அறிமுகமான புதிய சேவை, ஒரு நொடிக்குள் முழுத் துலங்கலைத் தர வேண்டும் என்று நிபந்தனை விதித்தது. அதைப் பெரும்பாலும் பற்றரிகள் வழங்கின. தென் அவுஸ்திரேலியாவின் ஹோர்ன்ஸ்டேல் பற்றரி நிலையம் 2017 இல் 100 மெகாவாட் திறனுடன் தொடங்கி, பற்றரி மீடிறனைக் காக்கும் என்பதைப் பேரளவில் நிறுவியது. இந்தியாவில் 2012 ஜூலை 30, 31 பேரிருளுக்குப் பின் ஒதுக்கச் சீர்திருத்தம் படிப்படியாக நடந்தது. 2022 இல் மத்திய மின்சார ஒழுங்குமுறை ஆணையம் துணைச் சேவைகளுக்கான விதிகளை வெளியிட்டது. ஜெர்மனி வேறொரு பாடம் தருகிறது. மீடிறன் 50.2 ஹேர்ட்ஸைத் தொட்டதும் பழைய இன்வெர்ட்டர்கள் அனைத்தும் ஒரே கணத்தில் விலகும்படி அமைக்கப்பட்டிருந்த ஆபத்தை, அந்நாடு 2012 முதல் சட்டத்தின் வழி திருத்தியது. விலகும் எல்லைகளைச் சரியாக வைப்பது செலவு குறைந்த முதல் படி.

வாவிப் பகுதி தரக்கூடிய சேவைகள்

வவுணதீவுப் பகுதியின் சூரிய மின்னுற்பத்தியும் எழுவான்கரையின் கூரைத் தகடுகளும், இன்வெர்ட்டர் அமைப்புகள் திருத்தப்பட்டால், மீடிறன் உயரும்போது தம் வெளியீட்டைப் படிப்படியாகக் குறைக்க முடியும். உப மின்நிலையத்தோடு பற்றரி சேர்ந்தால் இரு பயன் கிட்டும்: நண்பகல் உபரி மாலை உச்சத்துக்குப் போகும், இழப்பு நேரும் கணத்தில் ஒரு நொடிக்கும் குறைவான நேரத்தில் மின்சாரம் பாயும். உப மின்நிலையங்களில் 10 மெகாவாட் அளவிலான பற்றரித் தொகுதிகளை அமைக்க மின்சார சபை 2025 இல் கேள்விப்பத்திரம் கோரியது இந்தத் திசையில் ஒரு நகர்வு.

நுகர்வுப் பக்கமும் ஒதுக்கம் தரும். ஐஸ் ஆலை ஒன்றின் அமுக்கி பத்து நிமிடம் நின்றால் ஐஸ் உருகிவிடாது. உன்னிச்சைக் குளத்து நீரைச் சுத்திகரித்து மட்டக்களப்புக்கு அனுப்பும் குடிநீர்த் திட்டத்தில், தாங்கியில் நீர் இருக்கும்வரை பம்பிகள் சற்றுத் தாமதிக்கலாம். மீன்களைக் காக்கும் குளிரறைகளுக்கும் இது பொருந்தும். இத்தகைய சுமைகளில் மீடிறன் ரிலே பொருத்தி, தயார்நிலைக்குக் கட்டணம் கொடுத்தால், ஊரின் விநியோக வழியை முழுதாகத் துண்டிக்கும் தேவை குறையும். இறால் பண்ணையின் காற்றூட்டியையும் மருத்துவமனையையும் இந்தப் பட்டியலுக்கு வெளியே வைத்துக் காப்பது வகுப்போரின் கடமை.

சட்டமும் எதிர்காலமும்

2009 ஆம் ஆண்டின் 20 ஆம் இலக்க மின்சாரச் சட்டம் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழுவை இத்துறையின் ஒழுங்குபடுத்துநராக்கியது. 2024 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கச் சட்டமும் 2025 இன் திருத்தமும் மின்சார சபையைப் பிரித்து, கட்டமைப்பை இயக்கும் பணியைத் தனியொரு தேசிய நிறுவனத்திடம் ஒப்படைக்க வழிசெய்தன. உற்பத்தியும் இயக்கமும் வெவ்வேறு கைகளுக்குப் போகும்போது, ஒதுக்கத்தை எவர், எந்த விலைக்கு, எந்தத் தரத்தில் தருவார் என்பதை எழுத்தில் வகுத்தே ஆக வேண்டும். நீண்டகாலத் திட்டங்களில் 600 மெகாவாட் மகா ஓயா நீரேற்று மின்நிலையமும் இந்தியாவுடனான மின்னிணைப்பும் உள்ளன. இரண்டுக்கும் ஆண்டுகள் பல பிடிக்கும். இன்வெர்ட்டர் எல்லைகளைத் திருத்துதல், துண்டிப்பு வழிகளை மறுபரிசீலித்தல், சிறு பற்றரிகளுக்கும் நெகிழ்வான சுமைகளுக்கும் ஒப்பந்தம் வழங்குதல் ஆகியவற்றை அதற்குமுன்பே செய்யலாம். அந்த ஒப்பந்தங்களில் சேரக் குறைந்தபட்ச அளவு சில மெகாவாட்டுகளாகவும், சிறியவை பல ஒன்றுசேர்ந்து பங்கேற்கும் உரிமையோடும் அமைந்தால், கட்டமைப்பின் அதிர்ச்சிகளை இதுவரை வாங்கிக்கொண்டிருந்த மட்டக்களப்பு, அதன் உறுதிக்குப் பங்களித்து ஊதியமும் பெறும் பகுதியாகும்.