ராமானுஜனோடு ஃபெயிலான மற்றவர்கள்

கொஞ்சம் நீளமான பதிவு. பத்தாவது, பிளஸ் டூ பிள்ளைகள் வீட்டில் இருப்பவர்களாவது கடைசி வரை படியுங்கள்.

டிசம்பரில் என் தங்கை மகள் போன் செய்தாள். அவள் பையன் பிளஸ் டூ. (அவன் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன், பெயர் வேண்டாம்.) நன்றாகப் படிக்கிற பிள்ளை. ஆனால் பரீட்சை நாள் காலையில் வாந்தி. உள்ளங்கை வியர்த்துப் பேனா வழுக்குகிறது. அரையாண்டில் இயற்பியல் அன்று படித்ததெல்லாம் மறந்துபோய், வெற்றுத்தாளைக் கொடுத்துவிட்டு வந்துவிட்டான். "மாமா, நீங்க வந்து நாலு வார்த்தை சொல்லுங்க. அந்த ராமானுஜன் கதையைச் சொல்லுங்க" என்றாள்.

என்னிடம் படித்தவர்களுக்கு அந்தக் கதை தெரியும். வருஷா வருஷம் சொல்வேன். அவனுக்கும் சொன்னேன்.

ராமானுஜன் 1904-ல் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் உதவித்தொகையோடு சேர்ந்தார். அப்பா துணிக்கடையில் குமாஸ்தா. பையனுக்குக் கணக்கைத் தவிர வேறெதிலும் மனம் ஒட்டவில்லை. மற்ற பாடங்களில் தவறினார், உதவித்தொகை போயிற்று. 1905 ஆகஸ்டில் யாரிடமும் சொல்லாமல் கிளம்பி விசாகப்பட்டினம் போய்விட்டார். அப்போது வயது 17. வீட்டார் காணவில்லை என்று பத்திரிகையில் போட்டுத் தேடினார்கள். 1906-ல் சென்னை பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தார். நடுவில் உடம்புக்கு முடியாமல் ஊர் திரும்பினார். அந்த வருஷம் எஃப்.ஏ. தேர்வில் தோல்வி. 1907-ல் தனியாக எழுதி மறுபடியும் தோல்வி. அதே மனிதர் 1918-ல் லண்டன் ராயல் சொசைட்டியின் உறுப்பினரானார். "பார்த்தாயா, பரீட்சை ஒன்றும் பெரிசில்லை" என்று வழக்கம்போல் முடித்தேன்.

பையன் கேட்டான்: "தாத்தா, அந்த வருஷம் அவரோட ஃபெயிலான மத்தவங்க என்ன ஆனாங்க?"

முப்பது வருஷத்துக்கு மேல் சொன்ன கதை. ஒருத்தரும் இப்படிக் கேட்டதில்லை. எனக்கும் தோன்றியதில்லை. பதில் சொல்ல முடியவில்லை. "நான் ராமானுஜன் இல்லையே தாத்தா" என்றான் மெதுவாக. பயந்துபோன பிள்ளையிடம் மேதையின் கதையைச் சொன்னால், அவனுக்கு இன்னொரு பரீட்சை வைத்த மாதிரிதான் என்று அன்றுதான் புரிந்தது.

வீட்டுக்கு வந்து அதே வரலாற்றை மறுபடி யோசித்தேன். ராமானுஜனைத் தூக்கிவிட்டது அவருடைய தோல்வி இல்லை. கூட இருந்த மனிதர்கள். நெல்லூர் கலெக்டராக இருந்த ராமச்சந்திர ராவ், பட்டம் உண்டா என்று பார்க்காமல் மாதம் 25 ரூபாய் சொந்தக் காசைக் கொடுத்தார். 1912-ல் சென்னைத் துறைமுகத்தில் 30 ரூபாய் சம்பளத்தில் வேலை கிடைத்தது. அங்கே அவருக்கு மேலே இருந்த நாராயண ஐயர் கூட உட்கார்ந்து கணக்குப் பார்த்தார். 1913-ல், எஃப்.ஏ.வில் அவரைத் தேற விடாத அதே சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை கொடுத்தது. தேர்வுக்காக மனிதன் இல்லை என்று யாரோ சிலர் முடிவு செய்ததால்தான் ராமானுஜன் நமக்குக் கிடைத்தார். அவரோடு தவறிய மற்றவர்களுக்கு அப்படி ஆள் அமைந்ததா? அவர்கள் பெயர்கூட நமக்குத் தெரியாது.

இன்னொரு விஷயமும் இதில் இருக்கிறது. ராமானுஜனைக் கேம்பிரிட்ஜுக்கு அழைத்த பேராசிரியர் ஹார்டி, தரவரிசையை வெறுத்தவர். அங்கே கணிதத் தேர்வு முடிந்ததும் முதல் ஆளிலிருந்து கடைசி ஆள் வரை மதிப்பெண் வரிசையில் பெயர் வாசிப்பார்கள். ஹானர்ஸ் வாங்குவோரில் கடைசி ஆள் பட்டம் பெறும்போது, சக மாணவர்கள் மாடத்திலிருந்து ஒரு பெரிய மரக்கரண்டியைக் கயிற்றில் இறக்கிச் சிரிப்பார்கள். ஹார்டி 1898-ல் நான்காவதாக வந்தவர். தோற்றவர் இல்லை. அப்படியும் இந்த முறை ஒழிய வேண்டும் என்று முன்னால் நின்றவர்களில் ஒருவர். 1909-தான் கடைசி வரிசைப் பட்டியல். அதற்குப் பிறகு ஒவ்வொரு வகுப்புக்குள்ளும் அகரவரிசைதான். கணிதம் ஒன்றும் கெட்டுப்போகவில்லை.

நம் ஊருக்கு அது வர நூறு வருஷத்துக்கு மேல் ஆயிற்று. 2017-ல்தான் தமிழக அரசு பத்தாவது, பிளஸ் டூவில் மாநில, மாவட்ட முதலிடங்களை அறிவிப்பதை நிறுத்தியது. அதுவரை முதல் மூன்று இடங்களுக்குப் பத்திரிகையில் படம் வரும். எங்கள் காலத்தில் தேறியவர்களின் எண் மட்டும் மாலைப் பத்திரிகையில் வரும். டீக்கடையில் பத்துப் பேர் பார்க்க, தன் எண் இல்லாத இடத்தில் விரலை வைத்துக்கொண்டு நின்றவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

பிள்ளைகளுக்குக் கேள்வித்தாளை நினைத்தால் கொஞ்சம் பயம். அதற்குப் பிறகு ஊர் கூடி வாசிப்பதை நினைத்தால்தான் வயிற்றைப் புரட்டுகிறது. அந்த வாசிப்பைப் பெரியவர்கள் நாம்தான் சேர்த்தோம்.

நானும் சேர்த்தேன். என் வகுப்பில் விடைத்தாளை எப்படிக் கொடுப்பேன் என்று உங்களுக்கு நினைவிருக்கும். முதல் மார்க்கிலிருந்து வரிசையாகப் பெயர் சொல்லி அழைப்பேன். கடைசி நாலைந்து பேர் தலையைக் குனிந்து காத்திருப்பார்கள். ஊக்கம் என்று நினைத்துத்தான் செய்தேன். அந்தக் கடைசி நாலைந்து பேரில் சிலர் இதைப் படிப்பீர்கள். என்னை மன்னித்துவிடுங்கள்.

பையன் விஷயத்துக்கு வருகிறேன். முதலில் அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்கு அழைத்துப் போனோம். வாந்தியும் நடுக்கமும் நடிப்பு இல்லை, உடம்பு உண்மையிலேயே அப்படி நடந்துகொள்கிறது என்று டாக்டர் சொன்னதே அவனுக்குப் பாதி மருந்து. மூச்சை மெதுவாக, நீளமாக வெளியே விடப் பழக்கினார்கள். ஞாயிறுதோறும் காலை 10 மணிக்கு என் வீட்டு மேசையில் பழைய வினாத்தாள் வைத்தேன். பொதுத்தேர்வில் வாசிக்கத் தருகிற முதல் 10 நிமிடத்தைப் போலவே, பேனாவைத் தொடாமல் தெரிந்த கேள்விகளை மட்டும் தேட வேண்டும். மிகச் சுலபமானதில் தொடங்க வேண்டும். முதல் இரண்டு வாரம் அரை மணி நேரத்தில் எழுந்து போய்விட்டான். போகட்டும் என்று விட்டேன். நான் மார்க் போடவே இல்லை. அவன் அம்மாவும் மார்க் பேச்சை எடுப்பதில்லை என்று எனக்குச் சத்தியம் செய்து கொடுத்தாள். அதுதான் அவளுக்குக் கஷ்டமாக இருந்தது.

பொதுத்தேர்வு முடிந்துவிட்டது. முதல் நாள் வாந்தி இருந்தது. இயற்பியல் அன்று கை நடுங்கியது, ஆனாலும் இரண்டு இட்லி சாப்பிட்டுப் போய் மூன்று மணி நேரமும் உட்கார்ந்து எழுதிவிட்டு வந்தான். எப்படி எழுதினாய் என்று நான் கேட்கவில்லை.

முடிவு வர இன்னும் நாள் இருக்கிறது. ராமானுஜன் அடுத்த தேர்வுக்கு ஒரு வருஷம் காத்திருந்தார். இன்று தவறினால் சில வாரங்களில் துணைத்தேர்வு, அதே வருஷம் கல்லூரி. இதையும் அவனிடம் இப்போதே சொல்லிவிட்டேன். ராத்திரி நேரத்தில் பிள்ளை தாங்க முடியாமல் தவித்தால் 14416 என்ற எண்ணுக்குக் கூப்பிடலாம். இலவசம், தமிழிலேயே பேசுவார்கள்.

சொந்தபந்தங்களுக்கு ஒரு வேண்டுகோள். முடிவு வரும் அன்று அந்த வீட்டுக்குப் போன் செய்து "எவ்வளவு?" என்று கேட்காதீர்கள். கேட்டே ஆக வேண்டும் என்றால் எனக்குச் செய்யுங்கள். அவன் சாப்பிட்டானா என்று மட்டும் சொல்கிறேன்.