மத்திகை

எங்கள் மாப்பிள்ளையூரணி வீட்டுச் சுவரில் வெகுநாள் ஒரு திருக்கைவால் தொங்கிக்கொண்டிருந்தது. உலர்த்தி எண்ணெய் ஏற்றியது. நுனியிலிருந்து மேல்நோக்கித் தடவினால் அரம் போல் கையைப் பிடிக்கும். உப்பளத்தில் கங்காணியாக இருந்த தாத்தா, அரிவாளோடு வந்த நாலு பேரை இது ஒன்றை வைத்துக்கொண்டே விரட்டினார் என்பது எங்கள் குடும்பத்தின் வீரகாவியம். அதைக் கேட்டு வளர்ந்தவனுக்கு, சவுக்கு ஒரு போர்க்கருவிதானா என்ற கேள்வி வெறும் சரித்திர விசாரணை அல்ல.

கருவியாக மட்டும் பார்ப்போம். நீண்ட தோல் சவுக்கைச் சொடுக்கும்போது எழும் ஓசை, அதன் நுனி ஒலியின் வேகத்தை, அதாவது நொடிக்குச் சுமார் 340 மீட்டரைத் தாண்டுவதால் வருவது. ஆனால் அந்த நுனிக்கு எடை இல்லை. தோலைக் கிழிக்கும், கண்ணைக் குருடாக்கும். பாய்ந்து வருகிறவனை நிறுத்தாது. வீசுவதற்குச் சுற்றிலும் இடம் வேண்டும். ஒரு வீச்சு முடிந்து அடுத்ததற்குள் எதிரி இரண்டு எட்டு வைத்துவிடுவான். நெருங்கிவிட்டால் கையில் இருப்பது வெறும் வார். வெட்டைத் தடுக்க முடியாது. தோளோடு தோள் நிற்கும் அணியில் வீசினால் முதல் அடி பக்கத்துத் தோழனுக்கு. சவுக்குக்கு நெருங்கிய உறவான சுருள்வாளை ஆசான்கள் கடைசியில் கற்பிப்பதற்கும் இதுவே காரணம். அது எஃகு விளிம்பால் வெட்டும் என்பது வாஸ்தவம். ஆனால் தனித்து நிற்பவனுக்கே உதவும், பழகாதவனை முதலில் வெட்டும்.

சரித்திரமும் இதையே சொல்கிறது. பாஞ்சாலங்குறிச்சி எங்களூரிலிருந்து பஸ்ஸில் போய்வரும் தூரம். 1801-ல் அங்கே போரிட்ட கும்பினி அதிகாரி ஜேம்ஸ் வெல்ஷ், தனக்கு ஈட்டி எறியவும் வளரி வீசவும் கற்றுக்கொடுத்தவர் சின்ன மருதுதான் என்று தன் நினைவுக்குறிப்பில் எழுதியிருக்கிறார். சவுக்கு கற்றதாக எழுதவில்லை. சிலப்பதிகாரத்தின் அடைக்கலக் காதை மதுரைக் கோட்டையின் காவற்பொறிகளை நீளமாக அடுக்குகிறது. கவண் உண்டு, கொதிக்கும் எண்ணெய் உண்டு, சவுக்கு இல்லை.

முல்லைப்பாட்டில் இருக்கிறது. அரசனின் பாசறையில் காவல் நிற்கும் யவனர் தம் உடைமேல் மத்திகையைச் சுற்றியிருக்கிறார்கள். மத்திகை என்றால் குதிரைச் சவுக்கு. கிரேக்க ‘மாஸ்டிக்ஸ்’தான் தமிழில் இப்படி ஆயிற்று என்று சொல்வார்கள். கவனிக்க வேண்டியது அது இருக்கும் இடம். போர்க்களத்தில் அல்ல, அரசனின் கூடாரத்து வாசலில்.

அந்தக் கிரேக்கச் சொல்லைத் தொடர்ந்து போனால் ஹெரடோட்டஸின் நான்காம் புத்தகத்துக்கு வந்து சேரலாம். சித்தியர்கள் 28 ஆண்டுகள் அந்நிய நாட்டில் இருந்துவிட்டுத் திரும்புகிறார்கள். அவர்களுடைய அடிமைகளுக்குப் பிறந்து வளர்ந்த பிள்ளைகள் எதிர்த்து நிற்கிறார்கள். ஈட்டியாலும் வில்லாலும் வெல்ல முடியவில்லை. அப்போது ஒருவன் யோசனை சொல்கிறான்: நம் கையில் ஆயுதத்தைப் பார்க்கும்வரை தங்களை நமக்குச் சமம் என்று நினைப்பார்கள், குதிரைச் சவுக்கை எடுத்துக்கொண்டு போவோம். அப்படியே போகிறார்கள். எதிரிகள் ஓடிவிடுகிறார்கள்.

கட்டுக்கதையாகவே இருக்கட்டும். சவுக்கு போரில் வென்றதாக நான் படித்த ஒரே இடம் இதுதான். அங்கேயும் வென்றது தோல் வார் அல்ல, அடிமைத்தனத்தின் ஞாபகம்.

நம்மிடம் இந்த ஞாபகத்துக்குச் சட்டமே இருந்தது. கசையடிச் சட்டம் 1864-ல் வந்தது. சுதந்திரத்துக்குப் பிறகும் இருந்து, 1955-ல்தான் போயிற்று. கீழத்தஞ்சையில் பண்ணையாட்களுக்குச் சவுக்கடியும் சாணிப்பாலும் கொடுக்கச் சட்டம்கூடத் தேவைப்படவில்லை. 1940-களில் அங்கே போன பி. சீனிவாச ராவ், அடித்தால் திருப்பி அடிக்கச் சொன்னார் என்பார்கள். போர்த்தந்திரம் என்று பார்த்தால் மிகச் சரியான யோசனை. சவுக்கை எதிர்கொள்ளக் கேடயம் வேண்டாம். ஒரு எட்டு முன்னால் வைக்க வேண்டும், அவ்வளவுதான். அந்த ஒரு எட்டுக்குத் தலைமுறைகள் ஆயின.

சில வருஷங்களுக்கு முன் அத்தையிடம் அந்த நாலு பேரைப் பற்றிக் கேட்டேன்.

“களவாணிப் பயலுவன்னா நெனச்சே? நம்ம அளத்து ஆட்கதான்யா. பாக்கிக் கூலி கேக்க வந்தாவ. ஒருத்தன் கையிலதான் அருவா இருந்துச்சி, உடைவிறகு வெட்டப் போனவன். அப்பா சுவத்துலேந்து அத எடுத்ததுதான் தெரியும். நாலு பேரும் ஓடிட்டாவ.”

தாத்தா அன்று யாரையும் அடிக்கவில்லை. அடியெல்லாம் முன்பே அடித்து முடித்தாயிற்று.

திருக்கைவால் இப்போது இல்லை. வீட்டை இடித்துக் கட்டியபோது எங்கோ போயிற்று. எனக்கு அந்த நாலாவது ஆளைப் பற்றித்தான் யோசனை. அரிவாளைக் கையில் வைத்துக்கொண்டே ஓடியவன்.