இருபது ரூபாய் பென்ஷனும் கிழவியைத் தூக்கிவிடும் கையும்

கடம்பூர் என்றதும் ரயிலில் போகிறவர்களுக்குப் போளிதான் ஞாபகம் வரும். ஸ்டேஷனை விட்டுக் கரிசல் காட்டுப் பக்கம் நடந்து பாருங்கள். பிள்ளைகள் திருப்பூர், சென்னை என்று பிழைக்கப் போயிருக்க, திண்ணையில் வயசாளிகள் மட்டும் உட்கார்ந்திருக்கும் வீடுகள் தெரியும். இவர்களுக்கு அரசாங்கம் இதுவரை என்ன செய்திருக்கிறது?

தமிழ்நாட்டில் முதியோர் உதவித்தொகை 1962 ஏப்ரல் 1-ல் வந்தது. காமராஜர் ஆட்சி, மாதம் 20 ரூபாய். (உத்தரப் பிரதேசம் 1957-லேயே தொடங்கிவிட்டது.) மானாவாரிக் காட்டில் கூலிக்குப் போனவருக்கு பி.எஃப். ஏது? அந்த வகையில் அது பெரிய காரியம்தான். ஊர்க்காரர்கள் இன்றும் "ஓ.ஏ.பி. பணம்" என்றுதான் சொல்கிறார்கள். 2011-ல் 1000 ரூபாய், 2023-ல் 1200. இதில் மத்திய அரசின் பங்கு 80 வயதுக்குக் கீழே இருந்தால் 2007 முதல் அதே 200 ரூபாய்தான்!

ஆனால் அந்தத் திட்டம் யோசித்தது சோற்றைப் பற்றி. படுக்கையில் விழுந்த கிழவியைத் தூக்கிக் கழிப்பறைக்குக் கூட்டிப்போகும் கையைப் பற்றி அல்ல. அது மகளோ மருமகளோ பார்த்துக்கொள்வாள் என்று விட்டாயிற்று. அவள் தீப்பெட்டி ஆபீஸ் வேலையை விட்டு நின்றால், போன கூலி எந்தக் கணக்கிலும் வராது. மருத்துவக் காப்பீடும் ஆஸ்பத்திரி வாசலோடு சரி.

ஜெர்மனி 1995-லும் ஜப்பான் 2000-லும் இதற்கென்றே தனிக் காப்பீடு கொண்டுவந்தன. ஜப்பானில் 40 வயதிலிருந்து எல்லோரும் சந்தா கட்ட வேண்டும். செலவில் ஏறக்குறைய பாதி சந்தா, பாதி வரிப்பணம். முடியாமல் போனால் எவ்வளவு உதவி தேவை என்று தரம் பிரித்து, வீட்டுக்கே ஆள் அனுப்புகிறார்கள்.

கரிசல் காட்டில் யார் சம்பளத்தில் சந்தா பிடிப்பது? சம்பளச் சீட்டே கிடையாதே. இங்கேதான் நம்மூர் அனுபவம் ஒன்று உதவும். 1994-ல் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியம் அமைத்தபோது, கொத்தனாரின் கூலியில் கைவைக்கவில்லை. கட்டடச் செலவின் மேல் தீர்வை போட்டார்கள். தீப்பெட்டிப் பண்டலுக்கும் பஞ்சாலைக்கும் அதே மாதிரி போடலாம் என்பது என் கட்சி. லைட்டர் வந்து தீப்பெட்டித் தொழிலே தள்ளாடுவதால் அது மட்டும் போதாது, வரிப்பணமும் வேண்டும்.

ஆட்களுக்கும் அடித்தளம் இருக்கிறது. 2021-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' இயன்முறை சிகிச்சைக்கும் வலிதணிப்புக்கும் வீடு தேடி வருகிறது. ஆனால் அவர்கள் வந்து போனபின் மிச்ச நேரம் முழுக்க அதே மருமகள்தான். ஜெர்மனியில் வீட்டார் பார்த்துக்கொண்டாலும் பணம் உண்டு. அதை அவளுக்குக் கொடுத்துவிடலாம். இங்கே வாரியம் வைத்தால், அந்தப் பணம் அவள் பெயரிலேயே வங்கிக்கு வர வேண்டும்.