வெள்ளகவி

வெள்ளகவி, திண்டுக்கல் மாவட்டம் கொடைக்கானல் வட்டத்தில், பழனி மலைத்தொடரின் தென்சரிவில் உள்ள மலைக்கிராமம். ஊருக்குச் சாலை வசதி கிடையாது என்பதே இதைப் பற்றி வெளியூரார் அறிந்த முதல் செய்தி. வட்டக்கானலிலிருந்து டால்பின் நோஸ் பாறையைக் கடந்து, வேர்களும் கற்களும் நிறைந்த செங்குத்தான ஒற்றையடிப் பாதையில் சில மணி நேரம் இறங்க வேண்டும். கீழேயிருந்து வருவோர் பெரியகுளத்தை அடுத்த கும்பக்கரை அருவிப் பக்கமாக ஏறுவார்கள்.

கொடைக்கானல் நகரத்தைவிட மூத்த ஊர் இது. 1821-இல் மலையை அளக்க வந்த பிரிட்டிஷ் அதிகாரி லெப்டினன்ட் வார்டு, குன்னுவர் என்னும் மலைவாழ் மக்கள் வாழ்ந்த வெள்ளகவியில் தங்கித்தான் உச்சிக்கு ஏறினார். அமெரிக்க மிஷனரிகள் கொடைக்கானலில் முதல் பங்களாக்களைக் கட்டியது 1845-இல். பின்னர் வந்த மோட்டார் சாலையோ வத்தலக்குண்டு வழியாகப் போய்விட்டது. மலைக்கு வழிகாட்டிய ஊர் இன்னும் நடந்தே போய்வருகிறது.

ஊர் எல்லையிலேயே செருப்பைக் கழற்றிவிட வேண்டும். வீடுகளுக்கு நடுவே கோயில்கள் இருப்பதால் ஊர் முழுவதையும் சன்னிதியாகவே கருதுகிறார்கள். ஊரார் தெருவில் வெறுங்காலோடுதான் நடக்கிறார்கள். விருந்தாளிக்கும் விலக்கு இல்லை.

காபி, மிளகு, ஆரஞ்சு, பட்டர் ஃப்ரூட் ஆகியவை முக்கிய விளைபொருள்கள். இவை குதிரை முதுகில் மலையேறும். அரிசியும் மளிகையும் அதே குதிரைகளில் இறங்கும். தேர்தல் நாளில் வாக்குப்பதிவு இயந்திரமும் அப்படித்தான் வந்திருக்கிறது. நோயாளிகளையும் பிரசவ வலி கண்ட பெண்களையும் டோலி கட்டி ஆட்கள் தோளில் சுமப்பார்கள். மழை பெய்து பாதை வழுக்கினால் சுமப்பவருக்கும் ஆபத்து. கனடாவின் வடகோடியில் சாலையில்லாத ஊர்கள் பலவற்றுக்குக் குளிர்காலத்தில் உறைந்த ஏரிகளின் மேல் லாரி போகிறது, அவசரத்துக்குச் சிறு விமானம் வருகிறது. வெள்ளகவிக்கு எந்தப் பருவத்திலும் கால்தான் துணை.

கண்ணுக்கு எதிரே கீழே தெரியும் பெரியகுளம் சமவெளி தேனி மாவட்டத்தைச் சேர்ந்தது. ஆனால் ஊர் இருப்பது திண்டுக்கல் மாவட்டத்தில் என்பதால், திண்டுக்கல் ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை மனுக் கொடுக்க வேண்டுமானால் முதலில் கொடைக்கானலுக்கு ஏறி, அங்கிருந்து பேருந்தில் ஏறத்தாழ 95 கி.மீ. இறங்க வேண்டும்.

சாலை வேண்டும் என்பது ஊராரின் நெடுங்காலக் கோரிக்கை. சுற்றிலும் வனம், கொடைக்கானல் வனப்பகுதி 2013-இல் வனவிலங்குச் சரணாலயமாகவும் அறிவிக்கப்பட்டது. ஆகவே வனத்துறை அனுமதியின்றி எந்த வேலையும் நடக்காது. காட்டைக் காப்பது அவசியமே. ஆனால் பிரசவத்துக்குப் போகும் ஒரு பெண்ணை ஜீப்பில் ஏற்றிச்செல்லும் அளவுக்காவது பாதை அமைத்துத் தருவது, சரணாலயத்துக்கு முன்பிருந்தே காட்டோடு பழகிய இந்த மக்களுக்கு அரசு செய்ய வேண்டிய கடமை.