ஒன்றரை மில்லிகிராமில் ஒரு கோடு: ஃபுளூரைடு அளவீட்டில் அளவுத்திருத்த வளைகோட்டின் தகுதி

குடிநீரில் ஃபுளூரைடு லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும். வேறு நீராதாரம் இல்லாத இடத்தில் 1.5 வரை ஏற்கலாம் என்கிறது ஐ.எஸ். 10500 என்னும் இந்தியத் தரம். சென்னை மாகாணத்து நெல்லூர் மாவட்டத்தில் ஃபுளூரைடு மிகுதியால் எலும்பை முடக்கும் ஃபுளூரோசிஸ் நோயை ஷார்ட்டும் அவர் குழுவினரும் 1937இல் பதிவு செய்தனர். பின்னாளில் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்கு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் தேவைப்பட்டதற்கும் இந்நோயே முதன்மைக் காரணம். ஓர் ஆழ்துளைக் கிணற்று நீரைக் குடிக்கலாமா என்பதை இன்று ஆய்வக அறிக்கையின் ஓர் எண் தீர்மானிக்கிறது. ஆனால் எந்தக் கருவியும் மில்லிகிராமை நேராகக் காட்டுவதில்லை. கருவி தருவது உட்கவர்திறன் அல்லது மில்லிவோல்ட். செறிவு தெரிந்த திட்டக் கரைசல்களைக் கொண்டு வரைந்த அளவுத்திருத்த வளைகோடுதான் அந்தக் குறிகையைச் செறிவாக மாற்றுகிறது. அக்கோட்டின் தகுதிக்குச் சான்றாக ஒட்டுறவுக் கெழு 0.999 என்று எழுதி முடித்துவிடும் வழக்கம் ஆய்வேடுகளில் வேரூன்றிவிட்டது. அது சான்றாகாது என்பதே இக்கட்டுரையின் வாதம். முடிவெடுக்க வேண்டிய செறிவிலும், முடிவுக்கு உள்ளாகும் அதே தண்ணீரிலும் கோடு செல்லுபடியாகிறதா என்பதே உண்மையான சோதனை.

பரவலாகக் கையாளப்படும் ஸ்பாட்ன்ஸ் முறையை எடுத்துக்கொள்வோம். சிர்கோனியமும் சாயமும் சேர்ந்த செந்நிற அணைவிலிருந்து ஃபுளூரைடு சிர்கோனியத்தைப் பறித்துக்கொள்கிறது, நிறம் வெளுக்கிறது, 570 நானோமீட்டரில் உட்கவர்திறன் குறைகிறது. செறிவு கூடக் கூடக் குறிகை இறங்கும் கோடு இது. இதன் நேர்கோட்டுப் பகுதி லிட்டருக்கு 1.4 மில்லிகிராமோடு முடிகிறது. தரம் கேட்கும் 1.5 அதற்கு வெளியே நிற்கிறது. வரம்பையொட்டிய மாதிரியை நீர்த்துப்போகச் செய்து கோட்டின் நடுப்பகுதிக்குக் கொண்டுவர வேண்டும். அல்லது வளைவை வளைவாகவே ஏற்றுப் பொருத்த வேண்டும். நேர்கோட்டை அப்படியே நீட்டி வாசிப்பது அளவீடாகாது.

நீட்டினால் என்ன ஆகும்? கணக்குக்காக ஒரு கருவியைக் கற்பனை செய்வோம். அதன் குறிகை செறிவுக்குச் சமமாக இல்லாமல், செறிவின் வர்க்கத்தில் இருபதில் ஒரு பங்கு குறைவாக இருக்கட்டும். அதாவது மெல்ல வளைகிறது. 0, 0.5, 1, 1.5, 2, 2.5 என்னும் ஆறு திட்டக் கரைசல்களுக்கு, சமவாய்ப்புப் பிழை எதுவுமின்றி, மீச்சிறு வர்க்க முறையில் நேர்கோடு பொருத்தினால் ஒட்டுறவுக் கெழு 0.999 வருகிறது. எந்த மதிப்பீட்டாளரும் தடையின்றி ஏற்கும் எண். ஆனால் அந்தக் கோடு 1.47 உள்ள தண்ணீரை 1.51 என்று வாசிக்கிறது. ஏற்கத்தக்க கிணறு ஏற்கத்தகாததாகிறது. 0.1 உள்ள தண்ணீர் 0.07க்கும் கீழே போகிறது. வெற்றுக் கரைசலோ எதிர்மறைச் செறிவைக் காட்டுகிறது.

இவை எதையும் கெழு சொல்லவில்லை. எச்சங்கள் சொல்கின்றன. ஒவ்வொரு புள்ளியும் கோட்டிலிருந்து விலகும் அளவை வரிசையாக எழுதினால் இரு முனைகளிலும் எதிர்மறை, இடையிலுள்ள நான்கிலும் நேர்மறை. சமவாய்ப்புப் பிழை இப்படி வரிசை கட்டாது. ஒட்டுறவுக் கெழு ஒரே அளவாக இருந்தும் முற்றிலும் வேறான வடிவங்கொண்ட நான்கு தரவுத் தொகுதிகளை 1973இலேயே புள்ளியியலாளர் ஆன்ஸ்கோம்ப் காட்டிவிட்டார். அளவுத்திருத்தத்தில் இன்னொரு அடிப்படைச் சிக்கலும் உண்டு. திட்டக் கரைசலின் செறிவை நாமே தேர்ந்தெடுக்கிறோம். அது சமவாய்ப்பு மாறியே அன்று. உச்சியில் ஒரு செறிந்த கரைசலைச் சேர்த்தாலே, கீழே எதுவும் மேம்படாமல், கெழு உயர்ந்துவிடும். இக்கெழுவுக்கு அளவுத்திருத்தத்தில் பொருளில்லை என்று 1998இல் ஐயூபேக் என்னும் பன்னாட்டு வேதியியல் அமைப்பின் வழிகாட்டுதல் கூறிய பிறகும் அதைப் பிடித்துக்கொண்டிருப்பது வருந்தத்தக்கது.

கோடு எவ்வளவு செம்மையாக வரையப்பட்டாலும், அது வாலைவடிநீரில் தயாரித்த திட்டக் கரைசல்களின் கோடு. மாதிரியோ வேறு உப்புகள் கரைந்த நீர். நாக்பூரின் நீரி நிறுவனம் உருவாக்கிய நல்கொண்டா முறையில் படிகாரம், சுண்ணாம்பு, பிளீச்சிங் பவுடர் ஆகியவற்றைக் கலந்து ஃபுளூரைடை நீக்குகிறார்கள். இப்படிச் சுத்திகரித்த நீரில் அலுமினியம் எஞ்சியிருந்தால் அது ஃபுளூரைடைப் பிணைத்துக்கொள்ளும், சாயம் வெளுக்க வேண்டிய அளவு வெளுக்காது, எண் குறையும். லிட்டருக்கு 0.1 மில்லிகிராம் அலுமினியமே ஸ்பாட்ன்ஸ் முறையில் ஏறத்தாழ 0.1 மில்லிகிராம் பிழையை உண்டாக்கப் போதும். எஞ்சிய குளோரின் இதற்கு நேர்மாறு: சாயத்தையே வெளுக்கச் செய்து எண்ணை உயர்த்தும். சுத்திகரிப்பின் வெற்றியை அளக்கப் பயன்படும் முறை, சுத்திகரிப்புப் பொருள்களாலேயே திரிகிறது. படிகாரம் கூடுதலாக விழுந்த நாளில் ஃபுளூரைடு நன்றாக நீங்கியதுபோல் தோன்றும். பிணைந்த ஃபுளூரைடு அந்தத் தண்ணீரிலேயேதான் இருக்கும். அதைக் குடிப்பவர்களுக்காகத்தான் இந்த அளவீடு என்பதால் இப்பிழையைச் சிறு குறையாகக் கருத இயலவில்லை.

இதற்கு வழி உண்டு. குளோரினை ஆர்சனைட்டு கொண்டு முதலில் நீக்கலாம். ஃபுளூரைடை வாலைவடித்தல் மூலம் பிரித்தெடுத்த பின் அளக்கலாம். மாதிரியிலேயே தெரிந்த அளவு ஃபுளூரைடைச் சேர்த்து, சேர்த்தது முழுதும் திரும்பக் கிடைக்கிறதா என்றும் பார்க்கலாம். குறைந்து கிடைத்தால் ஏதோ ஒன்று பிணைக்கிறது என்று தெரியும். ஆனால் இந்தத் திட்டச் சேர்ப்பு, கோட்டின் சாய்வு மாறுவதை மட்டுமே காட்டிக்கொடுக்கும். எஞ்சிய குளோரின் போல எல்லா வாசிப்பையும் ஒரே அளவு நகர்த்தும் பிழை அதன் கண்ணில் படாது.

1966இல் ஃப்ரான்ட்டும் ராஸும் லாந்தனம் ஃபுளூரைடு படிகத்தால் அமைத்த மின்முனை இத்தொல்லைகளில் பலவற்றைக் குறைத்தது. உடன் சேர்க்கும் தாங்கல் கரைசல், காரகாடித் தன்மையை 5க்குச் சற்று மேல் நிறுத்துகிறது. அதிலுள்ள கொடுக்கிணைப்புச் சேர்மம் அலுமினியத்திடமிருந்து ஃபுளூரைடை விடுவிக்கிறது. அதே தாங்கல் திட்டக் கரைசல்களிலும் சம அளவில் சேர்வதால் மாதிரியும் திட்டமும் ஏறக்குறைய ஒரே சூழலுக்கு வருகின்றன. ஆனால் இங்கே கோடு மடக்கைக் கோடு. 25 டிகிரி செல்சியஸில் செறிவு பத்து மடங்காகும்போது மின்னழுத்தம் சுமார் 59 மில்லிவோல்ட் இறங்குகிறது. ஒரு மில்லிவோல்ட் தவறினால் செறிவில் ஏறத்தாழ 4 விழுக்காடு தவறும், 1.5இல் அது 0.06 மில்லிகிராம். திட்டக் கரைசல்களைக் குளிரூட்டிய அறையிலும் மாதிரியை வெயிலில் வந்த சூட்டோடும் அளந்தால் கோட்டின் சாய்வே மாறிவிடும்.

ஆகவே ஒரு மில்லிவோல்ட் நிலையற்ற கருவியில் 1.48 என்றும் 1.52 என்றும் வரும் இரு கிணறுகளை, ஒன்று தகுந்தது, மற்றது தகாதது என்று பிரிக்க அந்தக் கோட்டுக்கு ஆற்றல் இல்லை. அறிக்கையில் ஒட்டுறவுக் கெழு அச்சாகும் இடத்தில் 1.5 மில்லிகிராம் திட்டக் கரைசலின் எச்சம், மாதிரியில் சேர்த்தது எத்தனை விழுக்காடு மீண்டது, வாசிப்பின் நிலையின்மை ஆகிய மூன்றும் அச்சாக வேண்டும். வரம்பையொட்டிய கிணறுகளை, 1.5ஐ நடுவில் வைத்து நெருக்கமான திட்டக் கரைசல்களால் வரைந்த புதிய கோட்டில் மறுபடி அளந்த பிறகே வகைப்படுத்த வேண்டும்.