அளவும் கழிவும்

கொழும்பின் வடகோடியில் களனி கங்கை கடலோடு கலக்கும் இடத்தை அடுத்து அமைந்தது முகத்துவாரம். ஆற்றின் வாய் என்பதே அப்பெயரின் பொருள். சிங்களத்தில் வழங்கும் மோதறை என்ற பெயரும் அதனையே குறிக்கும். அவ்வூர்க் குடும்பம் ஒன்று தீபாவளிக்கோ கொச்சிக்கடை அந்தோனியார் திருவிழாவுக்கோ புத்தாடை தேட எண்ணினால் அதற்கு இரண்டு வழிகள் உண்டு. தையற்காரரிடம் அளவு கொடுத்துக் காத்திருக்கலாம்; அன்றிப் புறக்கோட்டைக்குச் சென்று, விலைக்கழிவு அறிவித்த கடையில் ஆயத்த உடை வாங்கலாம். முன்னது நெடுங்கால வழக்கு. பின்னது நேற்று வந்தது. விலைக்கழிவு வணிகரின் தாராள மனத்திலிருந்து பிறந்ததன்று. இன்னாருக்கு என்று அறியாமலே துணியை வெட்டித் தைத்துக் குவிக்கத் தொடங்கிய காலத்தின் பிள்ளை அது.

சோழமண்டலக் கரையின் துணிகளை நாடி வந்த ஒல்லாந்தர், கொழும்பை 1656ஆம் ஆண்டிலும், யாழ்ப்பாணத்தையும் நாகபட்டினத்தையும் 1658ஆம் ஆண்டிலும் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றினர். கடையில் கிடந்ததை வாங்கிச் செல்வது அவர்கள் முறையன்று. இன்ன நீளம், இன்ன அகலம், இன்ன நிறம், இத்தனை உருப்படி என்று பட்டியல் எழுதி, மாதிரித் துணியையும் காட்டி, உள்ளூர் வணிகரிடம் முற்பணம் கொடுத்தனர். அப்பணம் வணிகர் கைவழியே நெசவாளரையும் சாயக்காரரையும் அடைந்தது. சிவப்பு நிறத்துக்கு வேண்டிய சாயவேர் மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் தோண்டி எடுக்கப்பட்டது. கிழக்கிந்தியத் தீவுகளில் விரும்பிய கோலம் ஒன்று, ஐரோப்பாவில் விரும்பிய கோலம் வேறொன்று. ஒருவருக்குரியதை மற்றவர் தலையில் கட்டுதல் எளிதன்று. ஆகவே தறியில் பாவு ஏறுமுன்பே துணிக்கு உடையவர் இருந்தார்.

இதனைப் பொற்காலம் என்று புகழ்வதற்கில்லை. துணி கிடங்குக்கு வந்ததும் மாதிரியோடு ஒப்பிட்டுப் பார்ப்பர். தரம் குறைந்ததென்று கண்டால் விலையைக் குறைப்பர், அல்லது திருப்பி அனுப்புவர். அக்காலத்துக் கழிவு அதுவே. அதனைப் பெற்றவர் கொள்வோர். அதன் சுமை வணிகரைக் கடந்து நெய்தவரையும் அழுத்தியது. எனினும் தென்னிந்திய நெசவாளருக்கு ஒரு பிடிமானம் இருந்தது. பேரம் பிடிக்காவிடின் முற்பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வேறொருவருக்கு நெய்யலாம். 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அரசதிகாரம் பெற்ற ஆங்கிலக் கும்பனியார் அந்த உரிமையை நெரித்தனர்.

பின்னர் வந்தது லங்காஷயர் ஆலைத்துணி. ஐசக் சிங்கர் 1851இல் காப்புரிமை பெற்ற தையல் இயந்திரம், அவர் பெயர் கொண்ட கம்பெனியால் 1877இல் இலங்கைக்கு வந்தது. கொழும்பில் அது அளவெடுத்துத் தைக்கும் தொழிலை அழிக்கவில்லை. தெருவுக்குத் தெரு பரப்பிற்று. மேனாட்டிலோ அதே இயந்திரம் தொழிற்சாலைக்குள் புகுந்து ஆயத்த உடைகளைக் குவித்தது. குவித்தவை யாவும் விற்றுவிடுமா? கிடங்கில் தங்கிய சரக்கு முதலை முடக்கும். பருவம் மாறினால் மதிப்பும் இழக்கும். பாரிஸ் நகரின் பொன் மார்ஷே போன்ற பெருங்கடைகள் பேரத்தை ஒழித்து ஒரே விலை வைத்தன. பிலடெல்பியாவில் ஜோன் வனமேக்கர் 1878 ஜனவரியில், பண்டிகை முடிந்து வாங்குவோர் குறைந்த வேளையில், படுக்கை விரிப்பு முதலிய வெள்ளைத் துணிகளை மலிவாக விற்றார். குளிர்காலமே இல்லாத கொழும்புக்கும் பருவக் கழிவு வந்து சேர்ந்தது வேடிக்கைதான்! இங்கே பருவங்களாய் அமைந்தவை தீபாவளியும் நத்தாரும் சித்திரைப் புத்தாண்டும் நோன்புப் பெருநாளும்.

1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டது. மறு ஆண்டில் கட்டுநாயக்காவில் சுதந்திர வர்த்தக வலயம் தோன்றியது. இலங்கைப் பெண்கள் தாம் ஒருபோதும் காணாதவர்களுக்காக ஆயிரக்கணக்கில் உடை தைத்தனர். இதுவும் சொல்லிச் செய்விப்பதுதான். ஆனால் சொன்னவர் உடுத்துபவரல்லர், கடல் கடந்த கடைக்காரர். அவர் கணக்குத் தப்பினால் என்ன ஆகும் என்பதை 2020ஆம் ஆண்டின் கொள்ளைநோய் காட்டிற்று. மேனாட்டுக் கடைகள் மூடப்பட்டபோது கொடுத்த கட்டளைகளைப் பலர் இரத்துச் செய்தனர். ஆசிய நாடுகள் சிலவற்றில் தைத்து முடித்தவற்றுக்கும் விலைக்கழிவு கேட்டனர். இலங்கையில் வேலை இழந்தோர் பலர். ஒல்லாந்தர் கிடங்கில் துணி திரும்பியபோது நெசவாளர் நின்ற இடத்தில், இப்போது தையற்பெண்கள் நின்றனர்.

தெருவோரத் தையற்காரரின் கணக்கோ சிறியது. வாங்குபவரே துணி கொண்டு வருகிறார். விற்காத சரக்கென்று தையற்காரரிடம் ஒன்றுமில்லை. கழித்துக் கொடுப்பதற்கும் அவரிடம் ஒன்றுமில்லை. பண்டிகைக்கு முதல்நாள் இரவு தைத்து முடியாமற் போவதே அவருடைய பெரும் இடர். வளரும் பிள்ளையின் சட்டைக்கு அவர் ஓரத்தில் துணி விட்டு மடித்துத் தைப்பார். அடுத்த ஆண்டு தையலைப் பிரித்து அகட்டலாம். ஆயத்த உடையில் அந்த ஓரம் மிக ஒடுங்கியது. ஓர் உடையில் அரை விரற்கடை மிச்சமானால், பதினாயிரம் உடையில் எவ்வளவு துணி மிச்சமாகும் என்பதைத் தொழிற்சாலை அறியும்.